விருந்தாளி மரம்

நீர்கொழும்பு
17.01.2024

அன்பின் அக்காவுக்கு,

பத்து நாளாக உங்களுக்குப் போன் எடுக்கிறேன். மணி அடிக்கிறது, நீங்கள் எடுப்பதில்லை. மச்சானுக்கு எடுத்தால், "அக்கா குளிக்கப் போயிருச்சு" என்கிறார். ஒரு மனுஷி நாளைக்கு எத்தனை தரம்தான் குளிப்பது? அதனால்தான் கடிதம். தபாலில் போட்டால் தோட்டத்து ஒஃபீசில் கிடந்து, நாலு பேர் கைபட்டுத்தான் உங்களிடம் வரும். நம் வேன்கார நுஹ்மான் உங்கள் பக்கத்துக் கரவனெல்லைக்காரர்தானே, வாரத்துக்கு ஒரு தரம் தன் வீட்டுக்கு வருகிறார். அவரிடம் கொடுத்துவிடுகிறேன். பதிலையும் அவரிடமே கொடுங்கள்.

நேற்றுக் கலைச்செல்வி அக்கா போனில் சொன்னதிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. உங்களை ரப்பர் பால் வெட்டிலிருந்து எடுத்துப் புல்லு வெட்டப் போட்டுவிட்டார்களாம். அம்மா இறந்ததிலிருந்து இருபத்தொரு வருஷமாக நீங்கள் வெட்டிய மரங்களை இப்போது வேறு யாரோ வெட்டுகிறார்களாம். ஏன் என்று கேட்டேன். "ஒங்க அக்காக்கிட்டயே கேளுங்க தம்பி" என்று வைத்துவிட்டார்.

நான் கடைசியாக வந்தது ஆறாம் திகதி, சனிக்கிழமை, அந்த டச்சுக்காரப் புருஷன் பெண்சாதியோடு. அன்றைக்கு எல்லாம் நன்றாகத்தானே நடந்தது? தோட்டத்தைச் சுற்றி நடந்தார்கள், நீங்கள் பால் வெட்டுவதைப் பார்த்தார்கள், கலைச்செல்வி அக்கா வீட்டில் மரவள்ளிக்கிழங்கும் நெத்தலியும் சாப்பிட்டார்கள், போய்விட்டார்கள். யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், எங்கே பிழை விட்டேன் என்று விளங்கவில்லை.

விருந்தாளிகளுக்குச் சமைக்கிற முறையை உங்கள் வீட்டிலிருந்து கலைச்செல்வி அக்கா வீட்டுக்கு மாற்றியதுதான் கோபமா? சமைக்கிற ஆறு வீட்டுக்கும் முறை சுற்றி வர வேண்டும், தம்பி தன் அக்கா வீட்டுக்கே எல்லாவற்றையும் கொடுத்தான் என்ற பேச்சு வரக்கூடாது என்றுதான் மாற்றினேன். அது பிழையென்றால் மன்னியுங்கள். அல்லது எங்கள் சுற்றுலாக் கம்பெனியின் பேஸ்புக்கில் உங்கள் படம் வந்ததா? நான் சொல்லி எடுத்துவிட்டேன். அல்லது கம்பெனி கட்டித் தந்த புது மலசலகூடத்தில் அவர்கள் பெயர்ப்பலகை வைத்ததா? அதையும் கழற்றச் சொல்லலாம்.

வெளிநாட்டுக்காரர்களைத் தோட்டத்துக்குக் கூட்டி வருகிற இந்தப் பயணத்தை நான் தொடங்கியதே நம் லயத்து வீடுகளில் இருக்கிற ஆட்களுக்கு ஏதாவது கிடைக்கட்டும் என்றுதான், அது உங்களுக்கே தெரியும். மற்றவர்கள் வேனை நிறுத்தி, லயத்தைப் படம் எடுத்து, பிள்ளைகளுக்கு டொபி வீசிவிட்டுப் போகிறார்கள். என்னோடு வருகிறவர்களுக்கு நான் ஒரு தாளில் விதிகள் எழுதிக் கொடுக்கிறேன். கேட்காமல் வாசல்படி ஏறாதீர்கள், பிள்ளைகளைப் படம் எடுக்காதீர்கள், சமைத்த வீட்டிலேயே உட்கார்ந்து சாப்பிடுங்கள், உழைக்கிறவர்களை வேடிக்கை பார்த்துவிட்டுப் போகாமல் கூட நின்று கையால் செய்து பாருங்கள் என்று எல்லாம் அதில் இருக்கிறது. இதைவிட எப்படிக் கவனமாக இருப்பது, அக்கா?

ஏதாவது எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

உங்கள் தம்பி
ரொபர்ட்

•

ஹெல்டன் தோட்டம், கீழ்ப்பிரிவு
24.01.2024

தம்பி ரொபர்ட்டுக்கு,

நுஹ்மான் வாசலில் நின்றுகொண்டு, கடிதத்தை நான் வாசித்து முடிக்கும்வரை போகமாட்டேன் என்றார். அவர் பெண்சாதி மஸீஹா ஒரு போத்தல் ஊறுகாய் கொடுத்துவிட்டிருந்தார். ஊறுகாய்க்கு நன்றி சொல்லி அனுப்பினேன். உன் கடிதத்தை ஒரு வாரம் வைத்திருந்தேன்.

நீ மன்னிப்புக் கேட்டிருக்கிற ஒன்றாவது எனக்கு நினைவில் இல்லை. பேஸ்புக்கில் என் படம் வந்ததே நீ எழுதித்தான் தெரியும். சாப்பாட்டு முறை மாறியதில் எனக்குச் சந்தோஷம்தான், அன்றைக்காவது எங்கள் வீட்டில் புகை இல்லாமல் இருந்தது. உன்னிடம் கோபம் இருக்கிறது. அதை எங்கிருந்து தொடங்குவது என்றுதான் பிடிபடவில்லை.

விருந்தாளிகளுக்குக் காட்ட என்று தோட்டத்துத் தொரை, ரோட்டு ஓரத்தில் மூன்று கிழட்டு மரங்களைக் கொடுத்தாரே, ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் வந்து சேர்வது பத்தரை மணிக்கு. பால் வெட்டுவது விடியற்காலை வேலை, வெயில் ஏறினால் நல்ல மரமே பால் விடாது, அந்தக் கிழங்கள் எங்கே விடும்? முதல் தடவை நான் வெட்டியபோது சிரட்டையில் ஒரு சொட்டு விழவில்லை. ஆறு வெள்ளைக்காரர்களும் மரியாதையாகச் சிரட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நீ என்னைப் பார்த்தாய். உன் முகம் சிறுத்துப் போனதை என்னால் பார்க்க முடியவில்லை.

அதற்குப் பிறகு, நீ வருகிற நாட்களில் என் மரங்களில் ஒன்றைக் காலையில் வெட்டாமல் விட்டு வைத்தேன். நிழலில் நிற்கிற இளம் மரம், பத்தரைக்கும் பால் விடும். உன்னிடம் சொல்லவில்லை, சொன்னால் நீ வேண்டாம் என்பாய். நீயும் எல்லா மரமும் ஒன்றுதானே என்று பார்த்துக்கொண்டு இருந்தாய். நான் மனதுக்குள் அதற்கு விருந்தாளி மரம் என்று பேர் வைத்திருந்தேன். என் மரத்தை நான் வெட்டுகிறேன், யாருக்கு என்ன நட்டம் என்று நினைத்தேன்.

நீ வந்துபோனதற்கு அடுத்த திங்கட்கிழமை கணக்குப்பிள்ளை மாத்தயா வந்தார். அந்த மரத்தின் பட்டையில் கத்தி உள்மரம் வரைக்கும் போயிருந்தது. நாலு இடத்தில். "மொக்கத மே, தெரேசா? கவுத கெபுவே?" என்றார், இது என்ன, யார் வெட்டியது என்று. "மம தமய், மாத்தயா" என்றேன், நான்தான் என்று. அவருக்கே நம்பிக்கையில்லை, இன்னொரு தரம் கேட்டார். இன்னொரு தரமும் அதையே சொன்னேன். காயம் பட்ட இடத்தில் திரும்பப் பட்டை சீராக வளராது, அந்தப் பக்கம் இனி வெட்ட முடியாது. அடுத்த நாள் என் மரங்களை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

இப்போது புல்லு வெட்டுகிறேன். காலை நாலரைக்கு முழிப்பு வந்துவிடுகிறது, எழும்பி உட்கார்ந்துகொண்டு எங்கே போவது என்று தெரியாமல் இருக்கிறேன். எனக்கு அந்த மரங்கள் வேண்டும், தம்பி. வேறு ஒன்றும் வேண்டாம்.

உன் விருந்தாளிகளையும் எனக்கு விளங்கவில்லை. கெட்டவர்கள் இல்லை, அதுதான் இன்னும் குழப்பம். அந்த டச்சுக்கார நோனா என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ கேட்டார். "சந்தோஷமா இருக்கீங்களான்னு கேக்குறாங்க" என்று நீ சொன்னாய். பால் வாளியோடு வெயிலில் நிற்கிறவளிடம் கேட்கிற கேள்வியா அது? "இருக்கேன்னு சொல்லு" என்றேன். உடனே அந்த அம்மா அழுதுவிட்டார். இல்லை என்று சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பாரோ தெரியாது.

அக்கா
தெரேசம்மா

•

நீர்கொழும்பு
29.01.2024

அன்பின் அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு நான் அழுதேன். பிறகு கோபம் வந்தது. உங்கள் மீது இல்லை, அந்த இரண்டு பேர் மீதும், என் மீதும். "கையால் செய்து பாருங்கள்" என்று விதி எழுதியவன் நான்தானே. புருஷனும் பெண்சாதியும் மாறி மாறிக் கத்தியைப் பிடித்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவர்கள் வெட்டிய வெட்டுக்கு நீங்கள் ஏன் பழியை ஏற்றீர்கள்? வெளிநாட்டுக்காரர்கள் தெரியாமல் செய்துவிட்டார்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தொரை உங்களை விட்டிருப்பாரே! எனக்கு உண்மையாகவே விளங்கவில்லை.

நான் சும்மா இருக்கவில்லை. அன்றைக்கே அந்த நோனாவுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். நாகரிகமாகத்தான் எழுதினேன், ஆனால் உங்கள் வேலை போனதை மறைக்கவில்லை. அவர் இரண்டு நாளாகத் தூங்கவில்லையாம். தோட்டத்துக்கு நூறு ரப்பர் கன்று வாங்கித் தரலாமா என்று கேட்டிருக்கிறார். என் முதலாளிக்கு இந்த யோசனை பிடித்துப் போய்விட்டது. இனி வருகிற ஒவ்வொருவரும் ஒரு கன்று நடுவதைப் பயணத்தில் சேர்க்கலாமா என்று என்னிடம் கேட்கிறார். எனக்குத் தலை சுற்றுகிறது. உங்கள் மரங்களைத் திரும்ப வாங்க ஒரு வழி கேட்டால் எல்லோரும் வேறு வேறு மரங்களைப் பற்றிப் பேசுகிறார்கள்.

விதித் தாளையும் மாற்றிவிட்டேன். விருந்தினர் யாரும் கத்தியைத் தொடக்கூடாது என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறேன். அடுத்த வாரம் தொரையிடம் வந்து, வெட்டியது விருந்தாளிகள்தான், எங்கள் அக்கா இல்லை என்று சொல்லப் போகிறேன். நோனாவும் கடிதம் தரத் தயாராக இருக்கிறார். நீங்கள் தடுக்காதீர்கள்.

உங்கள் தம்பி
ரொபர்ட்

•

ஹெல்டன் தோட்டம், கீழ்ப்பிரிவு
01.02.2024

ரொபர்ட்,

நுஹ்மானைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு இதை எழுதுகிறேன். தொரையிடம் நீ வர வேண்டாம். அந்த நோனாவுக்கு இனி ஒரு வரியும் எழுதாதே. எங்கேயோ இருக்கிற மனுஷியைத் தூங்கவிடாமல் செய்துவிட்டாயே!

அவர்கள் மரத்தை வெட்டவில்லை. அந்த அம்மா வெட்டியபோது மணிக்கட்டு என் பிடியில் இருந்தது, மேல்தோல்தான் சீவப்பட்டது. புருஷன் பயந்த ஆள், பட்டையில் கத்தி வைத்ததும் திருப்பித் தந்துவிட்டார். பிறகு கத்தியை வாங்கினது யார்? நீ.

இங்கிலீஷில் என்னவோ சொன்னாய். என்ன சொன்னாய் என்று பிறகு, அங்கே நின்ற கலைச்செல்வியின் மகள் தனுஜாவிடம் கேட்டேன். நான் இந்த மரங்களுக்கு நடுவில் பிறந்தவன், இது எங்கள் இரத்தத்தில் இருக்கிற வேலை என்று சொன்னாயாம். சொல்லிவிட்டு நாலு இழுப்பு இழுத்தாய். ஒவ்வொரு இழுப்பிலும் கத்தி கட்டையில் தட்டுவது எனக்குக் கேட்டது. பால் வெட்டுகிற எவளுக்கும் அது கேட்கும். உனக்குக் கேட்கவில்லை. ஆழமாக வெட்டினால் முதலில் பால் நிறைய ஓடும், தெரியாதவன் பார்த்துச் சந்தோஷப்படுவான். அன்றைக்கும் நிறைய ஓடியது. அவர்கள் கை தட்டினார்கள். நீ சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தாய். நானும் சிரித்தேன்.

அம்மா போனபோது எனக்குப் பதினெட்டு, உனக்குப் பத்து. அம்மாவின் மரங்களை நான் எடுத்துக்கொண்டேன், உன்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினேன். நீ கத்தி பிடித்ததே இல்லை. பிடிக்க நான் விட்டதும் இல்லை, உன் கையில் பால் கறை படக்கூடாது என்று இருந்தேன். அதை எண்ணி இப்போது சந்தோஷப்படுவதா, வருத்தப்படுவதா என்று தெரியவில்லை.

ஒஃபீசில் நான் எப்படி உண்மையைச் சொல்வது? தோட்டத்துப் பிள்ளை, வேலை தெரிந்தவன், கூட நின்று பார்த்துக்கொள்வான் என்றுதான் தொரை உன் விருந்தாளிகளை உள்ளே விட்டார். என் தம்பிக்கு வெட்டத் தெரியாது என்று சொன்னால் அன்றைக்கே கேட்டைச் சாத்தியிருப்பார். ஆறு வீட்டு அடுப்பு அதை நம்பி எரியத் தொடங்கியிருக்கிறது. கலைச்செல்வி புதிதாகப் பாயும் தட்டும் வாங்கியிருக்கிறாள். அதோடு உன் பேர். அதனால் நான்தான் என்றேன். என் இருபத்தொரு வருஷத்தில் ஒரு காயம் கிடையாது. கத்தி பிடிக்கத் தெரியாதவள் என்று பேர் வாங்கிக்கொண்டு புல்லு வெட்டுகிறேன்.

கோபம் என்ன என்று கேட்டாயே. வெட்டினதற்கு இல்லை. வெட்டிவிட்டு, யார் யாரிடமோ மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, உனக்கு ஒன்றுமே தெரியாமல் இருந்தாயே, அதற்குத்தான்.

தெரேசம்மா

•

நீர்கொழும்பு
10.02.2024

அக்கா,

இந்தக் கடிதத்தை நாலு தரம் கிழித்து எழுதுகிறேன்.

நேற்று, வெள்ளிக்கிழமை, நான் தோட்டத்துக்கு வந்தேன். உங்களுக்குத் தெரிந்திருக்கும், லயத்தில் எதை மறைக்க முடியும்? வீட்டுக்கு வரவில்லை. வர முடியவில்லை. நேரே ஒஃபீசுக்குப் போய்த் தொரையிடம் சொன்னேன், வெட்டியது நான், எனக்கு வெட்டத் தெரியாது, அக்கா என்னைக் காப்பாற்றப் பொய் சொன்னார் என்று. எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கணக்குப்பிள்ளை மாத்தயா மட்டும், "மம தன்னவா" என்றார். அவருக்கு முதலே தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை.

திங்கட்கிழமையிலிருந்து உங்கள் மரங்களை உங்களுக்கே தருவதாகத் தொரை சொன்னார். விருந்தாளிகள் இனி வர வேண்டாம் என்றும் சொன்னார். ஆறு வீட்டின் கதையை எடுத்தேன். அவர் காதில் விழவில்லை.

வெளியே வந்து வேனில் ஏறி உட்கார்ந்தேன். "அக்காவப் பாக்காம போறதா?" என்று நுஹ்மான் கேட்டார். வேனை எடுக்காமல் அரை மணி நேரம் நிறுத்தியே வைத்திருந்தார். அந்த அரை மணி நேரம் அந்த நாலு இழுப்பையும் திரும்பத் திரும்ப யோசித்தேன். எனக்கு அந்தச் சத்தம் நினைவே இல்லை, அக்கா. கை தட்டியதுதான் நினைவிருக்கிறது.

இரண்டு வருஷமாக எங்கள் தோட்டம், எங்கள் வேலை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். வருகிறவர்களுக்கு விதி எழுதினேன், எனக்கு ஒன்றும் எழுதவில்லை. உங்கள் மரங்கள் திரும்பக் கிடைத்ததில் நிம்மதி. ஆனால் ஆறு வீட்டை நினைத்தால், நான் சரி செய்தேனா, இன்னொரு பிழை விட்டேனா என்று தெரியவில்லை. உங்களிடம் கேட்டுவிட்டுப் போயிருக்க வேண்டும். கேட்டிருந்தால் நீங்கள் விட்டிருக்க மாட்டீர்கள்.

ரொபர்ட்

•

ஹெல்டன் தோட்டம், கீழ்ப்பிரிவு
06.03.2024

தம்பிக்கு,

மரங்கள் கிடைத்து மூன்று வாரம் ஆகிறது. இலை உதிர்ந்த காலம், பால் குறைவுதான். என்றாலும் நாலரைக்கு எழும்பினால் போக இடம் இருக்கிறது.

நீ செய்தது சரியா, பிழையா என்று கேட்டாய். எனக்கு மரம் கிடைத்த அன்றே ஆறு வீட்டுக்கும் வருமானம் நின்றது. கலைச்செல்வி பத்து நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. தண்ணீர் பைப்படியில் நான் குடத்தை வைத்தால் அவள் குடத்தை எடுத்துக்கொண்டு போவாள். கடைசியில் ஒரு நாள் பைப்பை மூடிவிட்டுக் கேட்டேன்.

"என்னா கலைச்செல்வி, நானா போயிச் சொன்னேன்?"

"நீ சொல்லல. ஒன் தம்பி சொன்னான். அவன் வந்து தொடங்குனான், அவனே வந்து முடிச்சிட்டும் போயிட்டான். நடுவுல நாங்க ஆறு பேரு இருந்தமே, ஒருத்தரையாச்சும் ஒரு வார்த்தை கேட்டானா?"

நான் உனக்காகப் பேச வாயெடுத்தேன். ஆனால் அவள் சொன்னது உண்மை. என்னையும் நீ கேட்கவில்லை. செய்து தருவீர்களா என்றுதான் கேட்டாய், உங்களுக்கு இது வேண்டுமா என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

போன ஞாயிறு கோயிலால் வந்த பிறகு ஆறு வீட்டுப் பெண்களும் கலைச்செல்வி வீட்டில் கூடினோம். விருந்தாளிகள் வேண்டுமா வேண்டாமா என்று பேசினோம். இரைச்சல், சண்டை, சிரிப்பு, எல்லாம் இருந்தது. வேண்டும் என்றுதான் முடிவு. அவர்கள் வந்தால் எங்களோடு நாலு பேர் பேசுகிறார்கள், பிள்ளைகள் மலசலகூடத்தைச் சுத்தமாக வைக்கிறார்கள், சமைக்கிற நாளில் நாமும் நன்றாகச் சாப்பிடுகிறோம். திங்கட்கிழமை ஆறு பேரும் தொரையிடம் போனோம். ஆறு பொம்பளைகள் ஒன்றாகப் படியேறியதைப் பார்த்து அவர் சம்பளப் பிரச்சினை என்று பயந்துவிட்டார்.

எங்கள் விதியைச் சொன்னோம். பால் வெட்டுப் பார்க்க வேண்டுமென்றால் விடியற்காலை ஐந்தரைக்கு மரத்தடியில் நிற்க வேண்டும், பத்தரைக்கு வருகிறவர்களுக்குச் சாப்பாடு மட்டும்தான். மாதத்தில் இரண்டு நாள், எந்த நாள் என்று நாங்கள் சொல்வோம். கத்தி எங்கள் கையில்தான் இருக்கும். விருந்தாளி பாத்திரம் கழுவ வேண்டாம், எங்கள் வீட்டில் அதை நாங்களே கழுவிக்கொள்வோம், அந்த மரியாதையாவது எங்களுக்கு இருக்கட்டும். தொரை கணக்குப்பிள்ளை மாத்தயாவைப் பார்த்தார், அவர் தலையை ஆட்டினார். சரி என்று விட்டார். உன் முதலாளியிடம் கன்று நடுகிற யோசனை வேண்டாம் என்று சொல்லிவிடு.

தனுஜா உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில்தான் இருக்கிறாள், இங்கிலீஷ் பேச அவள் இருக்கிறாள். கூட்டிக்கொண்டு வர நுஹ்மானின் வேன் இருக்கிறது. உன்னைக் கூப்பிட வேண்டாம் என்று முடிவாகியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமையே அதுவும் முடிவானது. கையைத் தூக்கித்தான் முடிவு செய்தோம்.

பெரிய வெள்ளி வருகிறது. உயிர்த்த ஞாயிறுக்கு நீ வீட்டுக்கு வா. யாரையும் கூட்டிக்கொண்டு வராதே, தாள் ஒன்றும் கொண்டு வராதே. உன் மச்சான் கோழி சொல்லி வைத்திருக்கிறார். பைப்படியில் நாலு பேர் நாலு விதமாகக் கேட்பார்கள், கேட்டால் கேட்கட்டும், பதில் சொல்லிவிட்டுச் சாப்பிட வா. நீ வராமல் போனால் எனக்கு அந்தப் பண்டிகைச் சோறு இறங்காது.

ஒன்றை மறைத்து வைத்துக்கொண்டு உன்னைச் சாப்பிடக் கூப்பிட எனக்கு மனம் வரவில்லை. வேறு யாராவது சொல்லி நீ கேட்கவும் கூடாது. ரொபர்ட் வேண்டாம் என்கிறவர்கள் கையைத் தூக்குங்கள் என்று கலைச்செல்வி கேட்டபோது, எல்லோரும் என் முகத்தைத்தான் பார்த்தார்கள். முதலில் தூக்கியது நான்தான், தம்பி.

அக்கா
தெரேசம்மா